விட்டுக்கொடுக்க மாட்டேன் என்ற தையல்காரர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையதல்ல. பக்கத்து வீட்டு டீச்சர் பஸ் நிறுத்தத்தில் நின்றபடி நாலே நிமிடத்தில் சொல்லி முடித்தார். நான் நாலு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் சொன்னபோது என் பஸ் வந்து போனதைக்கூட நான் கவனிக்கவில்லை. நான் எழுதியதைப் படித்தால் கொட்டாவி வருகிறது. வயிற்றெரிச்சல்தான், வேறென்ன.

ஆகவே பொறாமைக்காரர் ஒருவரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இருக்கிறது. அவர் டீச்சரின் கணவர், பேராசிரியர்.

2

தொடக்கம், முதல் வரைவு: பல்கலைக்கழகத்தின் அமைதிக் கல்வி மையத்தில் மாலை வெயில் ஜன்னல் வழியாக [வேண்டாம். இந்த வெயிலை இன்னும் எத்தனை கதைக்குள் விடுவது?]

இரண்டாவது: மனிதகுலம் தோன்றிய நாள்முதலே சண்டையும் [இது பேராசிரியரின் பாடக்குறிப்பு மாதிரி இருக்கிறது.]

மூன்றாவது, போகட்டும்: பேராசிரியர் பதினாறு வருடம் அமைதியைப் பாடமாக நடத்தினார். பிறகு பாலத்துக்கு இந்தப் பக்கத்தாருக்கும் அந்தப் பக்கத்தாருக்கும் கலவரம் மூண்டு கடைகள் எரிந்தன. வகுப்பறையில் உட்கார்ந்து பேசினால் போதாது, தெருவுக்குப் போய் இரு பக்கத்தாரிடமும் பேச வேண்டும், பேசியதை ஆய்வாக்கி அவர்கள் முன்னாலேயே வாசிக்க வேண்டும் என்று மையம் முடிவு செய்தது. முதலில் பேராசிரியரே போனார். கேள்வித்தாளைப் பார்த்துப் பார்த்துக் கேட்டார், தெரு வாயைத் திறக்கவில்லை. அப்புறம் பள்ளிக்கூட வேலையை விட்டிருந்த மனைவியை அவரே மையத்தில் சேர்த்துவிட்டார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

ஆறே மாதத்தில் தெருவில் அவருக்குப் புதுப் பெயர் வந்துவிட்டது: டீச்சர் வீட்டுக்காரர். வீட்டில் போன் அடித்தால், “டீச்சர் இருக்காங்களா?” என்பார்கள். சமாதானத்தைப் பற்றி இரண்டு புத்தகம் எழுதிய மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு போனை நீட்டுவார்.

3

டீச்சர் பேசிப் பதிவு செய்வார். பேராசிரியர் அதைக் கேட்டு ஒவ்வொருவரையும் ‘இணங்குபவர்’, ‘இணங்க மறுப்பவர்’ என்று பட்டியலில் போடுவார்.

ஒரு பிற்பகல் தையல்காரரின் பதிவு வந்தது. இந்தப் பக்கத்து ஆள், கடையைத் தீக்குப் பறிகொடுத்தவர். அந்தப் பக்கத்து எலக்ட்ரீசியன் ஒருவரைப் பற்றி டீச்சர் கேட்டிருந்தார். தையல்காரர் உடனே சொன்னார்: “விட்டுக்கொடுக்க மாட்டேன், டீச்சர்.” அப்புறம் சிரித்தார். “உங்கள மாதிரி யாரும் எங்ககூட உக்காந்து பேசினதில்ல. முன்னாடி ஒரு சார் வந்தாரு. தாளப் பாத்துப் பாத்தே பேசினாரு, பாவம்.”

பேராசிரியர் பதிவை அங்கேயே நிறுத்தினார். ‘இணங்க மறுப்பவர்’ என்று எழுதினார்.

[இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் சந்தேகம். காதில் விழுந்தபடி எழுதினாரா, அந்த ‘பாவம்’ சுட்டதால் எழுதினாரா? முதல் வரைவில் அவரை அப்பாவியாக்கினேன். எனக்கே பிடிக்கவில்லை. என் நண்பர் ஒருவருடைய கதையை நானும் இப்படித்தான் பாதியில் மூடி வைத்துவிட்டுச் சுமார் என்று சொல்லியிருக்கிறேன். நன்றாக இருந்ததால்தான் மூடினேன்.]

அவர் கேட்காமல் விட்ட மீதி இது: “கடைய எரிச்சவங்கள்ல அவனும் ஒருத்தன்னு போலீஸ்ல எழுதிக் கொடுன்னு எங்க ஆளுங்களே நெருக்குறாங்க. அன்னிக்கு என் மகள ஸ்கூட்டர்ல ஏத்திப் பாலத்துக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டவன் அவன். அவன யார்கிட்டயும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.”

[தமிழ் படுத்தும் பாட்டைப் பாருங்கள். ஒன்றை விட்டுக்கொடுத்தால் சமாதானம். ஒருவரை விட்டுக்கொடுத்தால் துரோகம். சொல் ஒன்றுதான்.]

4

கூட்டம் மையத்தின் பெரிய அறையில் நடந்தது. கலவரத்துக்குப் பின் இரு பக்கத்தாரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தது அன்றுதான். இயக்குநர் அம்மா அறிக்கையை வாசித்தார். ஆள் பெயர் இல்லை, தொழில்தான். ஆனால் கடை எரிந்த தையல்காரர் இந்தப் பக்கத்தில் ஒருவர்தானே. அவர் எலக்ட்ரீசியனோடு இணங்க மறுக்கிறார் என்ற வரி வந்ததும் எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது.

தையல்காரர் எழுந்து, “நானா?” என்றார். எலக்ட்ரீசியன் அவரைப் பார்க்கவே இல்லை. “தெரிஞ்சது நல்லதாப் போச்சு” என்று சொல்லிவிட்டுக் கதவுப் பக்கம் நடந்தார். அவருக்குப் பின்னால் அந்தப் பக்கத்தார் முழுவதும் எழுந்தார்கள்.

பட்டியல் போட்டது யார் என்று இயக்குநர் அம்மா கேட்டார்.

“எங்க கையில தப்பு நடந்துபோச்சு” என்றார் டீச்சர்.

தெருவே டீச்சரை வெறித்தது. இரண்டாவது வரிசையில், மடியில் மடிக்கணினியோடு பேராசிரியர் இருந்தார். முழுப் பதிவும் அதில் இருந்தது. அவர் எழுந்து, நான் பாதிதான் கேட்டேன் என்று சொன்னால் போதும், எலக்ட்ரீசியன் நின்றுவிடுவார். ஆனால் பதிவைப் போட்டால் அந்த ‘பாவம்’ எல்லார் காதிலும் விழும். மனைவி தன்னைக் காட்டிக்கொடுக்காதது வேறு அவருக்கு எரிந்தது. இதிலும் இவள்தானா ஜெயிக்க வேண்டும்?

5

முடிவு அ: அவர் எழுந்தார். [எழுதிப் பார்த்தேன். நீங்கள் எல்லாரும் அவர்மேல் அன்பு கொண்டுவிடுவீர்கள். என்னால் பொறுக்க முடியவில்லை, கிழித்துவிட்டேன்.]

முடிவு ஆ: அவர் உட்கார்ந்தே இருந்தார், எலக்ட்ரீசியன் கதவைத் தா [இதற்கு மேல் பேனா ஓடவில்லை.]

உண்மையில் நடந்தது எனக்குத் தெரியாது. டீச்சர் ‘நடந்துபோச்சு’ வரையில்தான் சொன்னார். என்னிடமும் அவர் கணவர் பெயரை எடுக்கவில்லை. அந்த மையத்தில் பட்டியல் போடுகிற ஆள் ஒருவர்தான் என்பதை வைத்து நானாகக் கண்டுபிடித்தேன். பதிவை நிறுத்திய காரணத்தை என் புத்தியிலிருந்து எடுத்து அவருக்குக் கொடுத்தேன்.

இதை எழுதட்டுமா என்று பஸ் வரும்போது கேட்டிருந்தேன். படியில் கால் வைத்தபடி சொன்னார்:

“எழுதுங்க. ஆனா எங்க வீட்டுக்காரர விட்டுக்கொடுத்துடாதீங்க.”

மூன்றாம் பகுதியிலேயே நான் அதைச் செய்துவிட்டேன். இனி அவர் எழுந்தாரா இல்லையா என்பது உங்களிடம்தான் இருக்கிறது. கதவு திறந்திருக்கிறது, எலக்ட்ரீசியன் இன்னும் வெளியே போகவில்லை. பட்டியல் போட்டது யார் என்று உங்களை யாராவது கேட்டால், என்ன சொல்வீர்கள்?