லாரி வராத தெரு

"நீதானே மறிச்சே, நீயே போன் போட்டுக் கூப்புடு," என்றாள் பேபி. "எங்க ஊட்ல கக்கூஸ் பக்கம் கால் வைக்க முடியல. புள்ள பெத்தவ உள்ள படுத்துகினு கீறா."

நாகவல்லி கதவைப் பிடித்தபடி நின்றாள். பேபி எதிர்வீட்டுக்காரி. போன மாதம் கழிவுநீர் லாரியை மறித்தபோது முதலில் போய்ச் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்தவள். இன்று சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருந்தாள். அவளுக்குப் பின்னால் தெரு முழுக்கக் கறுப்புத் தண்ணீர் ஊர்ந்தது.

அயனம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டிய அந்தத் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். நிறைந்தால் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. மகள் நிவேதிதாவுக்கு உடம்பெல்லாம் கொப்புளம் கண்டு, போர் தண்ணீரில் குளிப்பாட்டாதீர்கள் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நாகவல்லி கரைக்குப் போய்ப் பார்த்தாள். ஏரிக்குள் குழாயை விட்டுவிட்டு, மாடு தண்ணீர் குடிப்பதுபோல் சாவகாசமாக நின்றிருந்தது லாரி. படம் பிடித்தாள், மனு கொடுத்தாள், வீடு வீடாகப் போய் ஆள் திரட்டினாள். மறியலன்று தெருவே கைதட்டியது. ஏரி தன் பக்கம் ஒருமுறை முகத்தைத் திருப்பியதுபோல் அவளுக்கு இருந்தது.

லாரிக்காரர்கள் சண்டைக்கு வரவில்லை. வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். தெருப் பெயரைச் சொன்னாலே போனை வைத்தார்கள். மழையும் பிடித்துக்கொள்ள, தொட்டிகள் ஒவ்வொன்றாகப் பொங்கின. மனு கொடுத்த அலுவலகத்தில் போய்ச் சொன்னால், இப்போதுதான் லாரி கொட்டுவதில்லையே, இன்னும் என்ன புகார் என்று கேட்டார்கள். பொங்கியதெல்லாம் மழைநீர்க் கால்வாயில் விழுந்து ஏரிக்கே போய்ச் சேர்ந்தது.

"ஏரிய காப்பாத்தப் போயி நாம மெதக்குறோம்டி," என்றாள் பேபி. சிரிக்க முயன்று, முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று மறித்த லாரியின் டிரைவர் உதயகுமாரை நாகவல்லி போனில் பிடித்தாள். அவன் திட்டவில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. சுத்திகரிப்பு நிலையம் எங்கோ இருக்கிறது, வரிசையில் நின்றால் பாதி நாள் போய்விடும், அப்புறம் முதலாளி வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார் என்று பொறுமையாக விளக்கினான். வருகிறேன், ஆனால் மறித்த நீங்களே தெருமுனையில் நின்று வண்டியை உள்ளே அழைத்துப் போக வேண்டும், யாரும் போனைத் தூக்கிப் படம் எடுக்கக் கூடாது என்றான்.

அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள், அவன் பார்க்கிறான் என்பதுபோல.

"அப்ப வண்டிய எடுத்துகினு வரட்டா அக்கா?"

உள்ளே நிவேதிதா முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தாள். பேபி நாகவல்லியின் வாயையே பார்த்தாள்.

"வா தம்பி. வந்து எடுத்துகினு போ. ஆனா, ஏரியில மட்டும் ஊத்தாத. வேற எங்கனா... எங்கனா கொண்டுபோய் ஊத்துறியா?"