கீழ்க்கோடு

சூசைமுத்து வாத்தியார் ஓய்வு பெற்ற பிறகும் எந்த விஷயத்தையும் பரீட்சை வைத்துத்தான் முடிப்பார். தெரு நலச்சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். கேபிளா, டிஷ்ஷா என்று அறுபத்து மூன்று வீடும் ஆளுக்கொன்று பேசத் தொடங்கியதும் அவர் ஒரு வழி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் சங்கக் கூடத்தில் ஒரே கம்பெனி, ஒரே அளவு டிவி இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. ஒன்றில் அருள்நாதனின் புது டிஜிட்டல் கேபிள், மற்றதில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் கடை வைத்திருக்கும் முகேஷ்குமாரின் டிஷ். அரை மணி நேரம் பார்ப்பது, கை தூக்குவது. எது ஜெயிக்கிறதோ தெரு மொத்தமும் அதற்குப் போவது. நாற்பது வீடு சேர்ந்தால் டிஷ் மாட்டும் கூலி வாங்க மாட்டேன் என்று முகேஷ்குமார் ஏற்கெனவே ஆசை காட்டியிருந்தான்.

அது இரண்டாயிரத்து எட்டாம் வருஷம். அருள்நாதனுக்கு மிச்சம் இருந்தது இந்த ஒரு தெருதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐந்து தெருக்களில் அவன் வயர் ஓடியது. மொட்டை மாடிகளில் டிஷ் முளைக்க முளைக்க ஒவ்வொரு தெருவாகக் கைவிட்டுப் போனது. இதுவும் போனால் கண்ட்ரோல் ரூமைப் பூட்டிவிட்டு வேடசந்தூர் மில் பஸ்ஸில் ஏற வேண்டியதுதான். நாற்பது வயசுக்காரனை மில்லில் எடுப்பார்களா என்பதும் நிச்சயமில்லை.

இதெல்லாம் அவன் தங்கை ஐரினுக்குத் தெரியும். புகார் நோட்டை அவள்தான் வைத்திருந்தாள். தேதி, வீட்டு எண், என்ன கோளாறு, எப்போது சரியானது என்று நான்கு கட்டம் போட்டு எழுதுவாள். 'டிஷ் மாட்டிக்கொண்டார்கள்' என்று கடைசிக் கட்டத்தில் எழுத வேண்டிவந்த வரிகள் பக்கத்துக்குப் பக்கம் கூடிக்கொண்டே வந்தன.

பரீட்சைக்கு முந்தின புதன்கிழமை அருள்நாதன் மதுரைக்குப் போயிருந்தான். டிஜிட்டல் லைனில் மாதிரிக்கு ஒரு பெட்டி கண்ட்ரோல் ரூமில் ஓடிக்கொண்டிருந்தது. ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்தினால் திரையில் இரண்டு கோடுகள் வரும். சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்பதை மேல்கோடு காட்டும். எவ்வளவு சுத்தமாக வருகிறது என்பதைக் கீழ்க்கோடு காட்டும். ஐரினுக்கு மாலைக் கம்ப்யூட்டர் வகுப்புக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஆம்ப்ளிஃபயரின் திருகைச் சிறிது சிறிதாக ஏற்றி, ஒவ்வொரு நிலையிலும் இரண்டு கோட்டின் எண்ணையும் நோட்டில் குறித்தாள். மேலே அறுபது, கீழே எண்பத்தைந்து. மேலே எழுபது, கீழே எண்பத்தெட்டு. மேலே எண்பது, கீழே எழுபத்தொன்று. மேலே தொண்ணூறைத் தாண்டியதும் கீழே முப்பது. செய்தி வாசித்த பெண்ணின் முகம் சதுரம் சதுரமாக உடைந்து அப்படியே நின்றது.

எதையோ தப்பாகச் செய்துவிட்டோம் என்றுதான் அவளுக்கு முதலில் பட்டது. இறக்கிவிட்டு இன்னும் இரண்டு தடவை ஏற்றிப் பார்த்தாள். மூன்று தடவையும் அதே எண்கள். அப்படியும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. பழைய கேபிளில் சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி விழும். ஏற்றினால் புள்ளி போகும். பதினாலு வருஷமாக அண்ணன் செய்துவருவது அதைத்தான். புகார் வந்தால் திருப்புளியோடு கம்பத்தில் ஏறுவான், அங்கிருக்கும் ஆம்ப்ளிஃபயரை ஒரு சுற்று திருகுவான், படம் தெளிந்துவிடும். அந்த ஒரு சுற்றுக்காகத் தெருவில் அவனுக்குக் கைராசிக்காரன் என்று பெயர். ஏற்றினால் படம் கெடும் என்று அவனிடம் போய் யார் சொல்வது?

வியாழக்கிழமை காலை சொல்லத்தான் செய்தாள்.

"அண்ணே, ரொம்ப ஏத்துனா கீழ்க்கோடு இறங்குற மாதிரி தோணுது."

அவன் பல் தேய்த்துக்கொண்டே சிரித்தான். "தோணுதா? ஏத்துனா எங்கயாச்சும் படம் போகுமா புள்ள? ஒங்க கிளாஸ்ல இதையும் சொல்லித் தர்றாகளா?"

"நான் சரியாப் பாக்கலையோ என்னமோ," என்றாள். நோட்டு அவள் பைக்குள்தான் இருந்தது. அதை அவள் வெளியே எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை எடுக்கலாம் என்றிருந்தாள். சனிக்கிழமையும் அப்படியே போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு உடுத்திய சேலையோடே பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆண்கள் சுவரோரம் நின்றார்கள். முதல் பத்து நிமிஷம் இரண்டு டிவிக்கும் யாராலும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. நகைக்கடை விளம்பரம் வந்தபோது கூடமே முன்னால் சாய்ந்து, அட்டிகையின் கல்லை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் பார்த்தது. கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கும் செபஸ்தியம்மாள், தனக்கு ரெண்டும் இரட்டைப் பிள்ளை மாதிரித்தான் தெரிகிறது என்று சொன்னாள். அந்த வாரத்தில் முதல் தடவையாக அருள்நாதனின் முகம் இளகியதை ஐரின் பார்த்தாள்.

முகேஷ்குமார் கெட்டிக்காரன். கேபிளைப் பழித்து ஒரு வார்த்தை பேசவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் நின்றவரிடம் சொல்வதுபோல எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். "படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. என்ன, அண்ணன் படம் மட்டும் நேத்து வச்ச வெஞ்சனமாட்டம் செத்த வாடித் தெரியுது."

கூடம் சிரித்தது. அருள்நாதனின் கை சட்டைப் பைக்குப் போயிற்று. அங்கேதான் திருப்புளி இருந்தது. அவன் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனான். ஐரினும் பின்னாலேயே ஓடினாள். ஏணி கம்பத்தில்தான் சாய்ந்திருந்தது.

"வேணாம்ண்ணே. இருக்கிறது போதும்."

"ஏணியைப் புடி."

"அண்ணே, புதன்கிழமை நான்..."

"பேசாம ஏணியைப் புடி புள்ள. செத்த நேரத்துல முடிஞ்சிரும்."

அவள் பிடித்தாள். இரண்டு கையாலும் அசையாமல் பிடித்தாள். அவன் மேலே ஏறி ஒரு சுற்று திருகினான்.

உள்ளே முதலில் சத்தம் அடங்கியது, பிறகு சிரிப்பு கேட்டது. அருளு, உன் டிவி கட்டம் கட்டமாக உடைகிறதப்பா என்று யாரோ ஜன்னல் வழியாகச் சொன்னார்கள். பதினாலு வருஷமாக அந்தச் சொல்லுக்கு அவன் கையிடம் ஒரே பதில்தான் உண்டு. இன்னொரு சுற்று ஏற்றினான். இறக்கு என்று ஐரின் சொன்னாள். வாய்விட்டுச் சொன்னோமா என்பது அவளுக்கே பிறகு நிச்சயமாகத் தெரியவில்லை. அவர்கள் உள்ளே வந்தபோது இடது டிவி கறுத்துக் கிடந்தது. சிக்னல் இல்லை என்ற சின்ன எழுத்து அதில் அங்குமிங்கும் நகர்ந்துகொண்டிருந்தது. வலது டிவியில் ஒரு பாட்டு அது பாட்டுக்கு ஓடியது.

வாத்தியார் அநியாயம் செய்யவில்லை. ஐந்து நிமிஷம் கூடுதலாகக் கொடுத்தார். அருள்நாதன் வயரை அசைத்தான், பின்னைக் கழற்றி மாட்டினான், பெட்டியைத் தட்டினான். ஐரின் ஏணியை நினைத்துக்கொண்டே நின்றாள். ஏறி இறக்கி, அப்படியும் படம் வராவிட்டால் அண்ணன் தொழிலைத் தங்கச்சி கெடுத்தாள் என்று ஆகிவிடும். அதை அவள் யோசித்து முடிப்பதற்குள் ஐந்து நிமிஷமும் போய்விட்டது. டிஷ்ஷுக்கு ஐம்பத்திரண்டு கைகள் உயர்ந்தன. வாத்தியார் இரண்டு தடவை எண்ணினார். பிறகு அருள்நாதனின் தோளில் கை வைத்து என்னவோ சொல்லிவிட்டுப் போனார்.

கூடம் காலியானதும் ஐரின் அண்ணன் கையிலிருந்த திருப்புளியை வாங்கிக்கொண்டு போய், சேலையைச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். இரண்டு சுற்று இறக்கினாள். அதற்கு மேலும் கொஞ்சம் இறக்கினாள். திரும்பி வந்து பார்த்தபோது படம் உடையாமல் ஓடியது. பட்டனை அழுத்தினாள். மேலே எழுபது, கீழே எண்பத்தெட்டு. டிஷ் டிவியை இன்னும் யாரும் அணைத்திருக்கவில்லை. இரண்டிலும் ஒரே வயல், ஒரே பச்சை.

மறந்து வைத்த குடையை எடுக்க வந்த செபஸ்தியம்மாள் நின்று பார்த்தாள். "இப்ப நல்லாத்தான இருக்கு. இதை மொதல்லயே காட்டிருக்கக் கூடாதாப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஐரின் பையிலிருந்து நோட்டை எடுத்து விரித்தாள். அருள்நாதன் மூன்று வரிசை எண்களிலும் விரலை ஓட்டிக்கொண்டே போய்க் கடைசியில் நிறுத்தினான்.

"இது எப்ப எழுதுனது?"

"புதன்கிழமை."

"தோணுதுன்னுதான சொன்ன. எழுதி வச்சிருக்கேன்னு சொல்லலையே."

அவன் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவன் நோட்டை மூடி, அவள் கையிலேயே கொடுத்தான்.

திங்கட்கிழமை காலையில் அவன் ஏணியை எடுத்தான். தெருவில் மொத்தம் ஒன்பது கம்பம். ஒவ்வொன்றிலும் திருகைச் சரியாக வைக்க வேண்டும் என்றான். இனி எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அவன் மேலே ஏறுவான். அவள் கம்பத்துப் பக்கத்து வீட்டில் மாதிரிப் பெட்டியை மாட்டிக் கீழ்க்கோட்டின் எண்ணைக் கத்திச் சொல்வாள். முதல் நாலு கம்பம் வரைக்கும் வீட்டுக்காரர்கள் பாவப்பட்டு உள்ளே விட்டார்கள். அதற்குள் மாடிகளில் துளை போடும் சத்தம் தொடங்கிவிட்டது.

ஐந்தாவது கம்பம் கஸ்பார் வீட்டு வாசலில் இருந்தது. அவர் மனைவி நிலைப்படியிலேயே நின்றுகொண்டாள். "தப்பா நினைக்காத ஐரினு. டிஷ்காரக உள்ள வேலை பாக்குறாக. ஒங்க வயரைக் காலையிலயே அறுத்துட்டாக."

அறுத்த நுனி சுவரோரம் தொங்கிக்கொண்டிருந்தது. நடுவில் செம்புக் கம்பி பளபளத்தது. ஐரின் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"ஐரினு, கீழ்க்கோடு எம்புட்டு?"

நிமிர்ந்து பார்த்தாள். அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. திருப்புளியைத் திருகில் வைத்தபடி எண்ணுக்காகக் காத்திருந்தான். மூன்று தடவை பார்க்காமல் அவள் எந்த எண்ணையும் சொன்னதில்லை.

"எம்பத்தெட்டு," என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

"நல்லாத் தெரியுதா?"

"நல்லாத் தெரியுதுண்ணே."

அவன் ஆம்ப்ளிஃபயர் மூடியைப் பொருத்தி, அழுத்திப் பார்த்துவிட்டு இறங்கினான். ஏணியின் ஒரு முனையை அவன் தூக்க, மறுமுனையை அவள் தூக்கினாள். இன்னும் நாலு கம்பம் இருந்தது.