இரும்பு வராத வாசல்

அமரர் ஊர்தியைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொல்லித் தம்பியை விரட்டினாள் அவள். உள்ளே கட்டிலில் கணவரின் உடல். காலையில் பல் தேய்க்கப் போன மனிதர், குழாயடியிலேயே சரிந்துவிட்டார்.

தெருவுக்கு வேறு வேலையா? எதிர்வீட்டு அக்கா மதிலைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டாள்.

ஊர்தியை நிறுத்தியதற்குக் காரணம், கணவர் அளவெடுக்கும் தோட்டத்துக் கொட்டகையில் இருந்தது. காந்தக்காரரின் சின்ன வீடு என்று தெரு அதற்குப் பெயர் வைத்திருந்தது. பூமியின் காந்தம் நாளெல்லாம் லேசாக ஏறி இறங்குமாம். மேலே விமானம் அளக்க, அதே நேரம் கீழே கொட்டகைக் கருவி அளக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் மண்ணுக்கடியில் மின்சாரம் எங்கே சுலபமாக ஓடும் என்று தெரியுமாம். அப்போது பக்கத்தில் ஒரு வண்டி வந்தாலும் அளவு கந்தல். அவள் ஸ்கூட்டர் வாங்கிய நாளில்கூட அதைத் தெருமுக்கிலேயே விட்டுவிட்டு, வழியெல்லாம் அவரைத் திட்டியபடி நடந்துதான் வந்தாள்.

இன்று கடைசிப் பறப்பு. மேலே இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, அத்தானே போயிட்டாரு. இனி யாருக்கு இந்த அளவு?" என்றான் தம்பி.

"பிளேன் இறங்கட்டும்டா."

"டிரைவர் முணுமுணுக்கிறான்."

"டீ வாங்கிக் குடு."

எதிர்வீட்டு அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "அந்த மெஷினத் தூக்கிக் கிணத்துல போடறேன்னு கத்துனவதானடி நீ?"

"போட்டிருப்பேன்க்கா. கனம் ஜாஸ்தி."

அக்கா சிரிப்பைக் கையால் பொத்திக்கொண்டாள்.

கைபேசி அடித்தது. விமானி.

"அண்ணி, இறங்கிட்டோம். அண்ணன் ஃபோனே எடுக்கலை. கீழ மெஷின்ல கோடு சுத்தமா இருக்கான்னு கேளுங்க. கெட்டிருந்தா பறந்ததெல்லாம் வீண்."

"இருங்க, பார்த்துட்டு வரேன்."

கைபேசியையும் இடுப்புச் சாவிக்கொத்தையும் சமையலறையில் வைத்தாள். கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினாள். அவிழ்ந்த கூந்தலோடு முதல்முறையாக அந்தக் கொட்டகைக்குள் நுழைந்தாள்.

திரையில் விடியலிலிருந்து வந்த கோடு மெல்ல ஏறி, மெல்ல இறங்கி, எங்கும் முறியாமல் ஓடியது. அவர் விழுந்த நேரத்திலும் அப்படியேதான்.

திரும்பி வந்து கைபேசியை எடுத்தாள். "சுத்தமா இருக்கு தம்பி."

"அப்பாடா. அண்ணன்கிட்ட சொல்லிடுங்க."

"ம்."

வாசலில் நின்ற தம்பிக்கு, ஊர்தியை வரச்சொல்லிக் கையைக் காட்டிவிட்டு மறுபடி கொட்டகைக்குப் போனாள்.

ஊர்தி வாசலுக்கு வந்தது. திரையில் கோடு ஒரு துள்ளு துள்ளி மேலே ஏறி, அங்கேயே நின்றது.