நிரம்பிய கேன்

அண்ணனுக்குச் சிறுநீரகம் தர முன்வந்தவர்கள் இருவர்: ஒருத்தி அவன் மனைவி, மற்றொருத்தி உடன்பிறந்த தங்கை. அந்த ‘மற்றொருத்தி’ என்னும் இடமே தங்கைக்குக் கசந்தது. அண்ணி வந்த நாள் முதல் அண்ணன் சட்டை எடுப்பதற்குக்கூடத் தங்கையைக் கூப்பிட்டதில்லை. இதையாவது விட்டுக்கொடுப்பதில்லை என்று அவள் கங்கணம் கட்டிக்கொண்டாள்.

சிறுநீரகங்கள் இரத்தத்தை எவ்வளவு நன்றாக வடிகட்டுகின்றன என்று அறிய, ஒரு நாள் முழுவதும் கழிக்கும் சிறுநீரைச் சேர்த்துத் தருமாறு மருத்துவமனை ஆளுக்கொரு கேன் கொடுத்தது. மறுநாள் காலையோடு நிறுத்திவிட வேண்டும். நிறுத்த வேண்டிய அந்தக் காலையில் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்த தங்கைக்கு வயிறு எரிந்தது. அண்ணியின் கேன் கழுத்துவரை நின்றது. தன்னுடையது பாதியைச் சற்றே தாண்டியிருந்தது.

“நீங்க போங்க அண்ணி, நான் சாயங்காலம் குடுத்துக்கறேன்” என்றாள். அன்று பகல் முழுவதும் தன் கேனை நிரப்பினாள்.

முடிவைப் பார்த்த ஆய்வகப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“உங்க எடைக்கு ஒரு நாள்ல இவ்வளவு கழிவு வராதுங்க. பயில்வானுக்கே வராது. எப்போ நிறுத்துனீங்க?”

“சாயங்காலம்...”

“அடிப்பாவி!” என்று உடன் வந்திருந்த அண்ணி வாய்விட்டுச் சிரித்தாள். “கூடுதல் தாள் வாங்கி எழுத இதென்ன பரீட்சையா?”

கேன் கணக்கை நம்பாமல், இம்முறை இருவருக்கும் ஊசி வழியே ஒரு மருந்தைச் செலுத்தி, அது இரத்தத்திலிருந்து எவ்வளவு விரைவாக நீங்குகிறது என்று, இடைவெளி விட்டு இரத்தம் எடுத்துக் கணக்கிட்டார்கள். அதில் கூட்டிச் சேர்ப்பதற்கு எதுவுமில்லை.

“ஒண்ணைக் குடுத்துட்டா மிச்சம் இருக்கறது உங்களுக்குப் பத்தாதும்மா. அவங்களோடது நல்லா இருக்கு” என்றார் மருத்துவர்.

“நாங்க கூடப்பிறந்தவங்க டாக்டர்!”

“தெரியும்மா. இருந்தாலும் உங்ககிட்ட எடுக்க முடியாது.”

படுக்கையில் கிடந்த அண்ணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“என்னாச்சு? யாரு குடுக்கறீங்க?”

அண்ணி, நீயே சொல் என்பதுபோல் நாத்தனாரைப் பார்த்தாள். விட்டுக்கொடுப்பதிலும் இவள்தான் முந்திக்கொள்ள வேண்டுமா என்று தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உன் பொண்டாட்டிதான்” என்றாள். “வெளியில பண்ற அதிகாரம் பத்தலையாம், இனிமே உனக்குள்ளயும் அவங்க ராஜ்யந்தான்.”

அண்ணன் சிரித்தான், அண்ணியும் சிரித்தாள். தங்கை குனிந்து அவன் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். அண்ணி சற்றுமுன் சரிசெய்த போர்வைதான் அது.