மெத்தைக் கடையில் ஒரு டாங்கோ

பல் டாக்டர் தன் மாண்டலின் குழுவின் முதல் ஆல்பத்தை, கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் அறையில் ஓட விட்டிருந்தார். ஒரு நாள் கன்னம் வீங்கிப்போய் உட்கார்ந்திருந்த ஒருவர், பல்லை எப்போது வேண்டுமானாலும் பிடுங்குங்கள், முதலில் அந்தப் பாட்டை நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். அன்றைக்கு டாக்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அத்தனை பாட்டும் ஒரே இழுவை என்பது அவருக்கே தெரியும். அடுத்த ஆல்பத்தில் வால்ட்ஸ், ஜாஸ், தாலாட்டு, டாங்கோ என்று ஒன்றைப்போல் இன்னொன்று இருக்கக் கூடாது என அந்த வாரமே குழுவில் அறிவித்துவிட்டார்.

டாங்கோவில்தான் சிக்கல் வந்தது. அது இரண்டு மாண்டலின்கள் மாறி மாறிப் பேசிக்கொள்வதுபோல அமைந்த, சூடு பறக்கும் நடன இசை. ஒன்று கேட்கும், மற்றது பதில் சொல்லும். அதை வாசிக்கக்கூடியவர்கள் குழுவில் இரண்டே பேர்தான். ஒருவர் தையல்காரர். இன்னொருவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். தையல்காரரின் மகளை மாஸ்டரின் மகனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சம்பந்திகள் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

பகலெல்லாம் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து "மெதுவா, மெதுவா" என்று கத்திக்கொண்டிருப்பவர் மாஸ்டர். சாயங்காலம் மாண்டலினை எடுத்தால் அடக்கி வைத்த வேகமெல்லாம் விரலுக்கு வந்துவிடும். தையல்காரரோ ஒரு பொத்தானுக்குக் காஜா எடுப்பதற்கே மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டுதான் ஊசியைத் தொடுவார். கல்யாண ரிசப்ஷனில் இருவரும் சேர்ந்து வாசித்தார்கள். மாஸ்டர் பாதியில் வேகம் பிடித்து, பாட்டை முடித்து, சபைக்குக் கும்பிடும் போட்டுவிட்டார். தையல்காரர் மட்டும் தனியாக மீதியை வாசித்துக்கொண்டிருந்தார். மண்டபமே சிரித்தது. சொந்தக்காரர்கள் முன்னால் சம்பந்தி தன் மானத்தை வாங்கிவிட்டதாகத் தையல்காரர் சொன்னார். ஆமை மாதிரி ஊர்ந்து மானத்தை வாங்கியது அவர்தான் என்றார் மாஸ்டர். அதோடு பேச்சு நின்றது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், குழுவிலேயே வாசிக்கும் தையல்காரரின் மகள் மூலமாகத்தான். அவளும் அப்பாவுக்கும் மாமனாருக்கும் நடுவே தபால்காரி வேலை பார்த்து அலுத்துப்போயிருந்தாள்.

பதிவு நடந்தது ஒரு மெத்தைக் கடையில். குழுவில் ஒருவருடைய கடை அது. சுவரோரம் மெத்தைகளை நிமிர்த்தி வைத்துவிட்டால் எதிரொலி வராது. கடைக்கு விடுமுறை விட்ட நாளில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆரம்பித்தார்கள். வால்ட்ஸும் ஜாஸும் நன்றாகவே வந்தன. தாலாட்டும் வந்தது, கட்டிலில் உட்கார்ந்து வாசித்தவர்களில் ஒருவரை மட்டும் எழுப்ப வேண்டியிருந்தது.

டாங்கோவுக்குச் சம்பந்திகள் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். மாஸ்டர் கேட்டது கேள்வி இல்லை, வம்பு. தையல்காரர் தந்தது பதில் இல்லை, சூடு. தந்தி அறுந்துவிடுமோ என்று மற்றவர்கள் பயந்தார்கள். டாக்டர் மட்டும் மெய்மறந்து கை வீசினார். தன் வாழ்நாளில் இப்படி ஒரு டாங்கோ கேட்டதில்லை என்று தோன்றியது. கடைசி வரிக்கு வந்தபோது ஷட்டருக்கு அடியில் குனிந்து ஒரு அம்மாள் உள்ளே வந்தார்.

"தலையணை இருக்கா?"

பதிவு பாழ். ஒலிப்பதிவாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த அம்மாள் எதையும் கவனிக்காமல், முதுகோடு முதுகாக இருந்த இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா?"

"இல்ல, சம்பந்தி" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"அதானே பாத்தேன்" என்றார் அம்மாள்.

முதலில் சிரித்தது தையல்காரர்தான். மாஸ்டருக்குச் சிரிப்பில் புரையேறியது. தையல்காரர் எழுந்துபோய் அவர் தலையைத் தட்டிவிட்டார். அம்மாளைத் தலையணையோடு அனுப்பிவைத்தார்கள். சம்பந்திகள் நாற்காலியைத் திருப்பி எதிரெதிரே போட்டுக்கொண்டார்கள். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டாக்டருக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது.

மறுபடி வாசித்தபோதுதான் விபரீதம் புரிந்தது. மாஸ்டர் பணிவாக ஒரு கேள்வி கேட்டுவிட்டுத் தலையாட்டினார். தையல்காரர் அதைவிடப் பணிவாகப் பதில் சொன்னார். அடுத்து யார் என்ற இடத்தில், நீங்கள் முதலில், இல்லை நீங்கள் என்று இருவரும் கண்ணாலேயே உபசரித்துக்கொண்டதில் பாட்டே நின்றுபோனது. எத்தனை தடவை வாசித்தும் அதே கதைதான். டாங்கோ, பழைய ஆல்பத்தில் விட்டுப்போன பாட்டு மாதிரி ஆகிவிட்டது.

டாக்டர் கெஞ்சினார். கொஞ்சம் கோபமாக வாசியுங்கள் என்றார். சம்பந்தி மேல் எப்படிக் கோபப்படுவது என்று இருவரும் அவரையே கோபித்துக்கொண்டார்கள்.

மகளுக்கு டாக்டரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மாண்டலினைச் சுருதி சேர்ப்பதுபோலக் குனிந்துகொண்டே மெல்லக் கேட்டாள்.

"அன்னைக்கு ரிசப்ஷன்ல அப்பா லேட்டா வாசிச்சாரா, இல்ல மாமா சீக்கிரம் முடிச்சிட்டாரா? எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம்."

மாஸ்டர் நல்ல மனசோடுதான் பதில் சொன்னார். "சம்பந்தி பாவம்மா. கூட்டத்தப் பாத்து கொஞ்சம் பதட்டமாயிட்டாரு."

தையல்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "பதட்டமா? எனக்கா?"

"தப்பா சொல்லல. எல்லாருக்கும் வர்றதுதான்."

"நீங்க தாளத்த விட்டுட்டு ஓடுனதுக்கு நான் பதட்டமா?"

டாக்டர் ஒரு விநாடிகூடத் தாமதிக்கவில்லை, கையைத் தூக்கிவிட்டார். ஒலிப்பதிவாளர் பொத்தானை அழுத்தினார். கடைக்காரர் ஓடிப்போய் ஷட்டரை முழுக்க இறக்கினார். டாங்கோவில் பொறி பறந்தது.

சாமான்களைக் கட்டிக்கொண்டு சம்பந்திகளும் மகளும் டிரைவிங் ஸ்கூல் காரில் கிளம்பினார்கள். பின் ஸீட்டில் மாண்டலின் பெட்டிகளுக்கு நடுவே மகள். இந்தத் தடவை பேச்சு நிற்கவில்லை. வாய் ஓயாமல் சண்டை போட்டார்கள். சாலை காலியானதும் மாஸ்டர் வண்டியை விரட்டினார். கார் சட்டென்று குலுங்கி நின்றது. இரண்டாவது தடவையும் அப்படியே நின்றபோதுதான் மாஸ்டர் குனிந்து பார்த்தார். பயிற்சிக் காரில் பக்கத்து ஸீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு. அதன்மேல் தையல்காரரின் செருப்புக் கால் இருந்தது.

"கால எடுங்க சம்பந்தி."

"நீங்க ஓட்டுங்க, ஓட்டுங்க" என்றார் தையல்காரர், காலை எடுக்காமல்.