ஆறு தசம் ஒன்பது

இரத்தத்திலுள்ள உப்புகளை ஒளியால் அளக்கும் சிறிய கருவியொன்றை நஸ்லியா மூன்று வருடமாகச் செய்துகொண்டிருந்தாள். சாயம் பூசிய மெல்லிய தகட்டில் ஒரு துளி இரத்தம் விட்டு, நீல ஒளி பாய்ச்ச வேண்டும். பொற்றாசியம் என்ற உப்பு கூடினால் தகடு கூடுதலாக ஒளிரும். இரண்டு நிமிடத்தில் அளவு தெரியும். அது சரிதானா என்று பார்க்கத்தான் வியாழன்தோறும் பல்கலைக்கழகத்திலிருந்து சிறுநீரகக் கிளினிக்குக்கு வருவாள்.

வரிப்பத்தான்சேனைக் கச்சிமுகம்மது, சிறுநீரகம் பழுதாகும்வரை வயல் செய்தவர். ஒவ்வொரு முறையும் அவளுக்கென்று ஒரு குப்பி இரத்தம் கூடுதலாகக் கொடுப்பார்.

அந்த வியாழன் அவருடைய இரத்தத்தில் கருவி ஆறு தசம் ஒன்பது காட்டியது. இதயமே நின்றுவிடக்கூடிய அளவு. ஆனால் முந்திய கிழமை மூன்று பேருக்கு இப்படிக் கூட்டிக் காட்டி, மூன்றும் பிழையாகியிருந்தன. "சரிவராத மிசின வெச்சி ஆக்களப் பயங்காட்டாதீங்க" என்று கிளினிக் டொக்டரும் சொல்லியிருந்தார்.

"என்ன மகள், மிசின் என்ன சொல்லுது?"

"இது இன்னும் சரிவரல்ல மாமா. ஆஸ்பத்திரி ரிப்போட் நாளைக்கு வரும், பாப்பம்."

"ஓம், வரட்டும். இன்னும் ரெத்தம் வேணுமெண்டாச் சொல்லு. ஊசிக்கு எனக்குப் பயமில்ல."

சிரித்துக்கொண்டே போனார். டொக்டரின் அறைக் கதவு திறந்துதான் கிடந்தது. நஸ்லியா எழுந்து போகவில்லை.

அன்று மாலை அசர் தொழுகைக்காகக் கைகால் கழுவி உளூச் செய்யப் போனவர் கிணற்றடியில் விழுந்தார். வெள்ளி காலை அவருடைய ஜனாஸாவை அடக்கம் செய்து முடிந்த பிறகுதான் ரிப்போட் வந்தது. பொற்றாசியம் ஏழு.

"ஆராய்ச்சிக் கருவிய நம்பி முடிவெடுக்க ஏலாது. உங்கட பிழையில்ல" என்றார் டொக்டர். நஸ்லியாவுக்கு மனம் ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனாள். மனைவி ஹாஜறா, கணவனை இழந்தவர்கள் தனித்திருக்கும் இத்தாவில் உள்ளறையில் இருந்தார். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள்.

ஹாஜறா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இத ஏன் புள்ள என்னட்ட வந்து சொன்ன? அல்லாஹ்ட நாட்டம் எண்டு மனச ஆத்தி வெச்சிருந்தன். இனி நான் எப்பிடி உறங்குற?"

ஹாஜறா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

அடுத்த வியாழன் நாவிதன்வெளித் தங்கரத்தினத்துக்குக் கருவி ஆறு தசம் நான்கு காட்டியது. நஸ்லியா உடனே ஓடிப்போய் டொக்டரிடம் சொன்னாள். அவசரமாக இதயத்தைப் பரிசோதித்தார்கள், ஒன்றுமில்லை. மறுநாள் ரிப்போட்டில் நான்கு தசம் எட்டு, சாதாரண அளவுதான்.

"அந்த மனிசி பயத்துல அரைவாசியாப் போயித்தா" என்று டொக்டர் தொலைபேசியில் ஏசினார்.

ஏசி முடியும்வரை கேட்டாள். "இனியும் கூடக் காட்டினா வந்து சொல்லுவன், டொக்டர்" என்றாள்.