மஞ்சள் பிடிக் கத்தி

பெட்டியைத் திறந்த சின்னவள் ஒரு கத்தியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். மறுபடியும் துரு. போன வாரம்தான் ஏழு சவரக்கத்திகளையும் எண்ணெய் தொட்டுத் தேய்த்து, ஸ்பிரிட்டில் துடைத்து, முகம் பார்க்கிற மாதிரி வைத்திருந்தாள். இப்போது அலகுகளில் மிளகுப்பொடி தூவினாற்போல் புள்ளிகள்.

முடிதிருத்துநரான அப்பா விட்டுப்போன கத்திகள். அவற்றைத் தீட்டும் தோல்வாரும் கூடவே வந்தது. அண்ணனுக்கும் அதே தொழில்தான் என்றாலும், அவன் கடையில் ஒருமுறை போட்டு எறிகிற பிளேடுதான். இந்த ஏழையும் கண்ணாடிச் சட்டத்துக்குள் அடைத்துக் கடைச் சுவரில் மாட்ட அவனுக்கு ஆசை.

"என்கிட்டயே இருக்கட்டும்ணே. நல்லா பாத்துக்கறேன்" என்று அவள் கெஞ்சியிருந்தாள்.

"நீ பாத்துக்கற லட்சணந்தான் தெரியுதே. உப்புக் கைடி உனக்கு, தொட்ட இரும்பெல்லாம் துருப்பிடிக்கும்! ஞாயித்துக்கிழமை வருவேன். ஒரு புள்ளி இருந்தாலும் பெட்டியோட தூக்கிட்டுப் போயிடுவேன்."

உப்புக் கை. அந்தச் சொல் நெருஞ்சி முள்ளாய்த் தைத்தது. வேலை பார்க்கும் மருந்துக்கடையில் ஆட்களுக்குச் சில்லறை கொடுக்கும்போதுகூட உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். கையுறை போட்டுத் துடைத்தாள். கழற்றிவிட்டு மறுபடி கை கழுவினாள். உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் பெட்டியைத் திறக்கத் தோன்றியது.

கதவுக்குப் பின்னால் தொங்கிய வாரை வழக்கம்போல் வெறும் உள்ளங்கையால் நீவிவிடும்போதுதான் பொறி தட்டியது. தினம் அவள் கை படுகிற வார் இது. அதன் இரும்பு வளையத்தில் ஒரு பொட்டுத் துரு இல்லையே! அப்படியானால் குற்றம் கையில் இல்லை, பெட்டியில்.

கத்திகளைப் பிரித்து வைத்தாள். ஒன்று ஜன்னலில், ஒன்று கண்ணாடி முன்னால், ஒன்று அரிசி டப்பா மேல். சீப்பை எடுக்கப்போனால் கத்தி, உப்பை எடுக்கப்போனால் கத்தி. பெட்டிக்குள் இரண்டை மட்டும் விட்டாள்: அப்பா கடைசிவரை கைவிடாத மஞ்சள் பிடிக் கத்தியும், அதன் பக்கத்துக் கறுப்புப் பிடியும்.

சனிக்கிழமை பார்த்தாள். வெளியே இருந்தவை பளபளத்தன. கறுப்புப் பிடிக் கத்தி பழுப்பேறியிருந்தது. மஞ்சள் பிடி வியர்த்ததுபோல் பிசுபிசுத்தது. அதைச் சுற்றிய துணி தொட்டதும் பொடிந்தது. முகர்ந்தாள். கற்பூரமும் புளிப்பும் கலந்த நெடி. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அப்பாவின் வாசனை என்று அவள் மூச்சை இழுத்துப் பிடித்தது இதைத்தான். செல்லுலாய்டு என்கிற அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்கில் செய்த பிடி உளுத்துப்போய் விடுகிற ஆவி அது. அதுதான் மற்றவற்றை அரித்திருக்கிறது.

மஞ்சள் பிடியை ஜன்னல் மேடைக்கு மாற்றிவிட்டுக் கறுப்புப் பிடியைத் தேய்க்க உட்கார்ந்தாள். பெட்டியையும் துடைத்துக் காயவைத்து, ஆறு கத்திகளையும் அதில் அடுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்ததும் வராததுமாகப் பெட்டியைத் திறந்தான். ஆறு அலகுகளையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பினான். ஒரு புள்ளி கிடைக்கவில்லை. பிறகு மூக்கைச் சுருக்கினான்.

"என்னடி, அப்பா வாசனையே காணோம்?"

அவள் மஞ்சள் பிடியைக் கொண்டுவந்து நீட்டினாள். "வாசனை இதுலதாண்ணே இருந்துச்சு. பக்கத்துல இருந்ததையெல்லாம் இதுதான் தின்னுக்கிட்டிருந்தது."

அவன் முகர்ந்தான். மறுபடி முகர்ந்தான். பிறகு சிரித்துவிட்டான். "அப்பா மாதிரியேதான். பக்கத்துல ஒருத்தரை நிம்மதியா இருக்க விட்டாரா மனுஷன்?"

"பிடியைக் கழட்டிட்டா அலகு பிழைச்சுக்கும்."

"கழட்டினா அது வெறும் இரும்பு. ஆறும் உன்கிட்டயே இருக்கட்டும். இதை நான் எடுத்துக்கறேன்."

"கண்ணாடிக்குள்ள அடைச்சுடாதே."

"மாட்டேன்மா டாக்டர்" என்று கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு படியிறங்கினான்.

வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனாலும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெட்டியில் முகத்தைப் புதைத்தாள். எண்ணெய் நெடி மட்டும். ஜன்னலுக்கு ஓடினாள்.

"அண்ணே! சுத்தி வைக்காதே! அதுக்குக் காத்து வேணும்!"

தெருமுனையில் அவன் நின்றான். கைக்குட்டையை உதறிப் பையில் திணித்தான். அலகை விரித்து, கத்தியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நடந்தான். பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உள்ளங்கையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். லேசாக, இன்னும் புளித்தது. அன்று அவள் கை கழுவவில்லை.